ஆடுவோர் போரும் வகைப்பெயரும்

ஒரு நூலைத் தூது என்றோ பரணி என்றோ கூறியவுடன், கற்போன் அதனிடத்து எதிர்பார்க்கத்தக்கவை இவையென உணர்கின்றான். வகைப்பெயரின் பயன் அதுவேயாம். அது பொருளைச் சுட்டுவதுடன் அமையாது, பொருளை நாடி வருவோனுக்கு ஒரு வாக்குறுதியும் அளிக்கின்றது. இணையவழியிற் பலர் கூடி ஆடும் கணினி விளையாட்டுக்களின் வகைப்பெயர்கள் இவ்வாக்குறுதியை நிறைவேற்றுகின்றனவா என்பது ஆராயற்பாலது. சிறப்பாக, ஆட்டக்காரர் ஒருவரையொருவர் எதிர்த்துப் பொருதல் பற்றி அப்பெயர்கள் உணர்த்துவது மிகச் சிறிது. அதற்கென வழங்கும் 'பி.வி.பி.' என்னும் குறியீடு, எதிர்நிற்பது கணினி இயக்கும் பூதமன்று, மற்றொரு மனிதரே என்பதனை மட்டும் அறிவிக்கும். யார் யாரை எப்பொழுது தாக்கலாம், தோற்றவர் இழப்பது யாது என்பன அதனுள் அடங்கா.

இவ்விளையாட்டுக்களின் முன்னோடிகளுள் தலையாயது, றோய் ட்ரப்ஷோ, றிச்சர்ட் பார்ட்டில் என்னும் இருவர் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய 'மட்' ஆகும். 1978 இல் தொடங்கிய அவ்வுலகம் எழுத்துக்களால் மட்டும் அமைந்தது. அங்கே சண்டையில் மடிந்தவர் தாம் வளர்த்த பாத்திரத்தை முற்றாக இழந்தனர். படங்களோடு கூடிய பேருலகாக 1997 இல் வெளிவந்த 'அல்ரிமா ஒன்லைன்' இத்தகைய இடரைப் பெருந்தொகையினர் முன் வைத்தது. நகரங்களிற் காவலர் இருந்தனர். நகரெல்லையைக் கடந்தால் எவரும் எவரையும் தாக்கலாம். வீழ்ந்தவரின் உடைமைகளைக் கவர்ந்து செல்லலாம். கொலைஞரின் பெயரைச் செந்நிறத்திற் காட்டுதல் முதலாய விதிகள் வகுக்கப்பட்டும் அவை போதவில்லை. ஈற்றில், 2000 ஆம் ஆண்டில் உலகமே இரட்டிக்கப்பட்டது. 'பெலூக்கா' பழைய அச்சத்தோடு நின்றது. அதன் படியாகிய 'ட்ராமெல்' என்னும் உலகில், இசையாதாரைத் தாக்குதல் இயலாததாயிற்று.

இப்பிரிவினையைச் சிலர் போற்றினர்; சிலர் தூற்றினர். இடரில்லாத வழியிற் காவலுக்குத் துணை வேண்டுவதில்லை. துணை வேண்டாவிடத்து நட்பின் அருமையும் குன்றும் என்பது தூற்றினோர் வாதம். அதனை எளிதில் ஒதுக்கிவிடல் இயலாது. ஆயினும், சுரங்கம் அகழ்ந்து உலோகம் சேர்க்க விழைந்தவன் ஒரு விளையாட்டையும், அவனை வழிமறிக்கக் காத்திருந்தவன் வேறொரு விளையாட்டையும் ஆடினர். இருவருக்கும் விற்கப்பட்டதோ ஒரே பெயர் பொறித்த ஒரே பெட்டி. குற்றம் போரினிடத்து இருந்ததன்று. போருக்கு உடன்பட்டோமா என்பது தெரியாமலே ஒருவன் களத்தினுட் புகுந்தமையே குற்றமாம்.

'பெருந்திரளோர் இணையவழி வேடமேற்பு விளையாட்டு' என்னும் நெடும்பெயர் இக்குறையை நீக்குகின்றதா? அஃது ஆடுவோரின் தொகையையும், ஆடும் வழியையும், வேடம் ஏற்றலையும் கூறும், இடரைக் கூறாது. 2004 இல் வெளிவந்த 'வேர்ல்ட் ஒவ் வோர்கிராப்ற்' இப்பெயர்க்கு உரியது. அங்கே மற்றோர் ஆட்டக்காரரால் வீழ்த்தப்பட்டவர் ஆவியாய் மீண்டு தம் உடலை அடைவர். உடைமை எதனையும் பகைவர் கவரார். 2018 முதல், திறந்தவெளிப் போரை விரும்புவோர் அதற்கான முறையைத் தாமே தெரிந்துகொள்ளவும் வழிசெய்யப்பட்டது. ஐசுலாந்து நாட்டு நிறுவனமொன்று 2003 இல் வெளியிட்ட 'ஈவ் ஒன்லைன்' என்பதும் இப்பெயராலேயே வழங்கும். அதன் காவற்படை, காவல் மிக்க பகுதிகளிலும், குற்றம் இழைத்தோனின் கப்பலை அழிக்குமேயன்றிக் குற்றத்தை முன்கூட்டித் தடுக்காது. 2014 சனவரியில் ஏறத்தாழ 21 மணி நேரம் நிகழ்ந்த ஒரு போரில் 'ரைற்றன்' என்னும் மாபெருங் கப்பல்கள் 75 அழிந்தன. அழிந்தவை மீளா, புதியவற்றை ஆட்டக்காரரே கட்டுதல் வேண்டும். ஆகலின் அழிவே அங்கு வாணிகத்திற்கு ஊற்றாகின்றது. இழப்பே இல்லாத போரையும், இழப்பினால் வாழும் போரையும் ஒரே பெயரால் அழைத்தல் தெளிவுக்கு உதவாது.

பிறிதொரு பெயர் இதனினும் நெகிழ்ந்தது. 2009 இல் வெளிவந்த 'லீக் ஒவ் லெஜென்ட்ஸ்' போன்றவற்றை 'மோபா', அதாவது 'பல்லோர் இணையவழிப் போரரங்கு' என்பர். துப்பாக்கி ஏந்திப் பொரும் 'கவுண்டர் ஸ்ரைக்' என்னும் விளையாட்டிலும் பல்லோர் உளர், இணையம் உண்டு, போரும் அரங்கும் உண்டு. எனினும் அதனை எவரும் அப்பெயரால் அழையார். இலக்கணம் தனக்கு உரியதல்லாத பொருளையும் தழுவுதல் தருக்க நூலார் கூறும் அதிவியாத்தி என்னும் குற்றமாம். இதே குலத்தைச் சேர்ந்த 'டோற்றா 2' என்பதனை அதன் ஆக்கியோர் வேறு பெயரால் அழைத்தமையும், 'கில்ட் வோர்ஸ்' வெளிவந்த 2005 இல் அதன் ஆக்கியோர் 'பெருந்திரளோர்' என்பதை விடுத்துப் 'போட்டி' என்னும் அடையைக் கொண்டமையும், வழக்கிலுள்ள பெயர்களின் போதாமையை ஆக்கியோரே உணர்ந்தமைக்குச் சான்றாகும்.

இனி, வகுத்தற்குரிய நெறி யாது? தொல்காப்பியர் போரைப் படைக்கலத்தால் வகுத்திலர். நிரை கவர்தல் வெட்சி, மண்ணசையாற் படையெடுத்தல் வஞ்சி, அரண் முற்றலும் காத்தலும் உழிஞை, வலிமையை நாட்டப் பொருதல் தும்பை என, நோக்கும் நிகழ்ச்சியும் பற்றியே வகுத்தார். விளையாட்டுப் போரையும் அதன் உள்ளியல்பு பற்றி வகுத்தலே தக்கது. அதற்கு மூன்று வினாக்கள் வேண்டும். போருக்கு இருதிறத்தாரும் இசைந்தனரா? தோற்றவர் இழப்பது யாது? ஆட்டம் முடிந்ததும் பகைமை முடிகின்றதா, அன்றி நாளையும் தொடர்கின்றதா? இவ்வினாக்களுக்கு 'லீக் ஒவ் லெஜென்ட்ஸ்' தரும் விடை தெளிவானது: இருதிறத்தாரும் இசைந்தே புகுவர், ஒவ்வோர் ஆட்டமும் புதிதாய்த் தொடங்கும், தோற்றவர்க்குத் தரநிலையிற் சரிவு நேரலாமன்றிச் சேர்த்த பொருள் பறிபோகாது. 'ஈவ் ஒன்லைன்' தரும் விடை இதற்கு நேர்மாறானது.

பார்ட்டில் 1996 இல் எழுதிய கட்டுரையில் ஆட்டக்காரரைச் சாதிப்போர், தேடியறிவோர், உறவாடுவோர், கொல்வோர் என நால்வகைப்படுத்தினார். அவர் வகுத்தது ஆடுவோரையேயன்றி ஆட்டத்தை அன்று. நால்வரும் ஒரே உலகில் வாழ்தல் கூடுமாகலின், ஆடுவோர் விருப்பத்தைக் கொண்டு ஆட்டத்திற்குப் பெயரிடுதல் பொருந்தாது. விதி எதனை அனுமதிக்கின்றது என்பதே அளவுகோலாம்.

வகைப்பெயர் வழக்கினாற் பிறப்பது, சுருக்கமே அதன் அழகு, அதன்மேல் இத்துணைப் பாரம் ஏற்றலாகாது எனச் சிலர் தடை கூறலாம். பெயர் சுருங்கியிருத்தல் குற்றமன்று. சுருங்கிய பெயரையே முழு இலக்கணமாகக் கொள்ளுதல் குற்றம். கடற்கொள்ளையர் வாழ்வைச் சித்திரிக்கும் 'சீ ஒவ் தீவ்ஸ்' 2018 இல் வெளிவந்தது. பிற கப்பலாரின் தாக்குதல் அதன் உயிர்நாடியாக இருந்தும், 2023 திசம்பரில் அத்தாக்குதல் இல்லாத தனிக்கடல் ஒன்று அதனுட் சேர்க்கப்பட்டது. 'அல்ரிமா' கற்ற பாடத்தை இருபத்து மூன்று ஆண்டுகளின் பின்னரும் கற்க வேண்டியதாயிற்று.

இவை வெறும் பெயர் பற்றிய பூசல்கள் அல்ல. திங்கட் கணக்கில் ஓர் இளைஞன் சேர்த்தது அரைநாழிகையில் அழியக்கூடுமாயின், அதனை அவன் வாயிலிலேயே அறிதல் வேண்டும். பெற்றோரும் ஆசிரியரும் 'இவ்விளையாட்டிற் சண்டை உண்டா?' என வினவுதலோடு நின்றுவிடுகின்றனர். 'அச்சண்டைக்கு நீ இசைந்தாயா? தோற்றால் நீ இழப்பது யாது?' என வினவுதலே பயனுடைத்து. அறிந்து ஏற்ற தோல்வி ஆட்டத்தின் பகுதியாம். அறியாது நேர்ந்த தோல்வியோ வஞ்சிக்கப்பட்டமையாம்.