வரைபடத்தில் ஒரு பென்சில் கோடு

தனியாகப் போகும் முதல் வெளிநாட்டுப் பயணத்தில், டிக்கெட் வாங்கும் முன்பே ஒரு சுகம் தொடங்கிவிடுகிறது: காகித வரைபடத்தைத் தரையில் விரித்து வழி போடுவது. மடிப்பு பிரியும்போது எழும் மொரமொரப்பு, விரலுக்குத் தட்டுப்படும் மடிப்பின் மெல்லிய மேடு, லேசான மை வாசம். பிராக்கில் கிளம்பும் பென்சில் வியன்னாவைத் தொட்டு, நீலமாக வளைந்தோடும் டான்யூபைப் பார்த்தபடி புடாபெஸ்டில் போய் நிற்கிறது. முதல் கோடு ரயிலில் ஏறக்குறைய 4 மணி நேரம். அடுத்தது 3 மணி நேரத்துக்கும் குறைவு.

பென்சிலை அழுத்தாமல் பிடிப்பதுதான் இதில் கைப்பழக்கம்; அழிக்க வேண்டிவரும். ஊர்களைச் சேர்ப்பது எளிது, விடுவதற்குத்தான் பொறுமை வேண்டும். கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல இடைவெளியும் பார்த்து வைக்க வேண்டும். வழியில் இருக்கும் பிராட்டிஸ்லாவா ஆசை காட்டுகிறது. அதை விட்டால், கூட்டம் சேருமுன் பிராக்கின் சார்லஸ் பாலத்தில் நடக்க ஒரு விடியல் கிடைக்கும். புடாபெஸ்டின் செச்செனி வெந்நீர்க் குளத்தில் சாவகாசமாக ஊற ஒரு மாலையும் கிடைக்கும். ரப்பர் துகளை ஊதிவிட்டு மறுபடி வரையும்போது, யாரையும் கேட்காமல் நமக்கு எது பிடிக்கும் என்று நாமே கண்டுகொள்கிறோம். தனியே போவதற்கான தைரியத்தில் ஒரு பங்கு அங்கேயே சேர்ந்துவிடுகிறது.