மீன்பிடிக்கக் கற்பித்தல்: ஈகை, முயற்சி, உரிமை பற்றிய சில குறிப்புகள்

வறுமை ஒழிப்புப் பற்றி எம்மிடையே நடைபெறும் கருத்தரங்குகளிலும் பயிற்சிப் பட்டறைகளிலும் தவறாது ஒலிக்கும் வாசகம் ஒன்றுண்டு: ஏழைக்கு மீனைக் கொடுக்காதீர்கள், மீன்பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். எங்கிருந்தோ வந்து தமிழிற் குடியேறிவிட்ட இவ்வாசகம் மட்டக்களப்பு வாவிக்கரையிலும் சொல்லப்படுகின்றது. பங்குடாவெளியிலிருந்து கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் இந்நீர்ப்பரப்பின் குணங்களைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த மக்களுக்கு மீன்பிடிக்கக் கற்பிக்கப் புறப்படுவதிலுள்ள வேடிக்கையை, அதனைச் சொல்வோர் உணர்ந்ததாகத் தெரியவில்லை. வாவிக்கரை மீனவனிடம் இல்லாதது அறிவன்று. சொந்தத் தோணி, கடன்படாது வாங்கிய வலை, பிடித்த மீனுக்கு நியாயமான விலை என்பனவே அவனிடம் இல்லாதவை.

இவ்வாசகத்தின் பின்னால் ஒரு கோட்பாடு இருக்கின்றது. வறுமை என்பது வறியவனிடமுள்ள குறைபாடு. அவனுடைய முயற்சியின்மை, சிக்கனமின்மை, திறனின்மை ஆகியவற்றின் விளைவு என்பதே அது. இதற்கெதிராக நிற்போர் அரசாங்கம் கொடுக்கவேண்டும் என்கின்றனர். இருசாராரும் காரசாரமாக விவாதித்துக்கொள்ளினும், கொடுப்பவன்–ஏற்பவன் என்ற ஒரே சட்டகத்துள் நின்றே பேசுகின்றனர். ஒருவர் ஏற்பவனின் ஒழுக்கத்தையும் மற்றவர் கொடுப்பவனின் ஒழுக்கத்தையும் விசாரிக்கின்றனர். அவன் எவ்வாறு ஏற்பவனாக ஆக்கப்பட்டான் என்பது இரு விசாரணையிலும் இடம்பெறுவதில்லை.

இச்சட்டகம் எமக்குப் புதியதன்று. முயற்சியைப் போற்றும் மரபும் ஈகையைப் போற்றும் மரபும் தமிழிலே அருகருகே வளர்ந்தவை. வள்ளுவரிடம் ஆள்வினையுடைமையும் உண்டு, ஈகையும் உண்டு. எமது மேடைகளில் முன்னைய அதிகாரம் மாத்திரம் திரும்பத் திரும்ப எடுத்தோதப்படுவது தற்செயலானதன்று. இரவச்சம் என்ற அதிகாரத்திலே, இரந்துதான் உயிர்வாழ வேண்டுமென்றால் அவ்வாறு உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று சபிக்கும் குறளைச் சுயமுயற்சி பற்றிப் பேசுவோர் எவரும் எடுத்தாள்வதில்லை. ஆங்கு குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் இரப்பவனல்லன். இரத்தலை ஒரு வாழ்நிலையாக வைத்த ஏற்பாடே நிற்கின்றது. அறநூலொன்று அதன் எல்லைக்குள் நின்று சென்றிருக்கக்கூடிய அதிகபட்சத் தூரம் அதுவெனலாம்.

மணிமேகலை இதனினும் மேற்சென்று சிந்திக்க இடந்தருகின்றது. பசிப்பிணி தீர்த்தலை மையமாகக் கொண்டு காப்பியம் செய்த சாத்தனார், ஈகையிலே ஒரு வேறுபாடு காண்கிறார். கைம்மாறு செய்ய வல்லவருக்குக் கொடுப்பது அறத்தை விலைக்கு விற்பது; மாட்டாதவருக்குக் கொடுப்பதே அறம். இது பௌத்தக் கருணையின் குரலாயினும், உதவி பெறத் தகுதியானவர் யார் என்ற வினாவும் இதனுள்ளே ஒளிந்திருப்பது மனங்கொள்ளத்தக்கது. பிற்காலத்துத் தகுதிகாண் படிவங்களுக்கு இத்துணைப் பழைய மூதாதை உண்டு.

எனினும் காப்பியத்தின் ஆழமான பகுதி ஆபுத்திரன் கதையேயாகும். மதுரையிலே பிச்சையெடுத்துக் குருடரையும் முடவரையும் ஊட்டி வந்த அவனுக்குச் சிந்தாதேவி அமுதசுரபியை அளிக்கின்றாள். வரங்கொடுக்க வந்த இந்திரனை அவன் நகைத்து ஒதுக்குகின்றான். சினங்கொண்ட இந்திரன் செய்வது யாது? வறண்டு கிடந்த பாண்டிநாட்டில் மழை பெய்விக்கின்றான். நிலம் விளைகின்றது, பசித்தவர் எவரும் இல்லை. கையிலே பாத்திரத்துடன் ஊர் ஊராகச் சென்று உண்பவர் உண்டோ என்று ஆபுத்திரன் தேடியலைகின்றான். சாவகத்திலே பஞ்சமென்று கேட்டுக் கப்பலேறியவன் மணிபல்லவத்திலே கைவிடப்பட்டு, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டு உண்ணாது உயிர்விடுகின்றான்.

இந்நிகழ்ச்சியை இந்திரனின் பொறாமையாக மாத்திரம் காண்பது எளிது. ஆயின் காப்பியத்தின் பொருளியல் தருக்கம் அதனினும் கூரியது. ஈகையை முடித்துவைத்தது கருணையின்மையன்று, விளைச்சல். மக்களின் பசி தீர்ந்த இடத்தில் கொடையாளிக்கு வேலையில்லை. அவனது புண்ணியத்துக்குப் பசித்தவன் தேவைப்படுகின்றான். சாத்தனார் இதனை அறிந்து சொன்னாரோ அறியாது சொன்னாரோ, பிரச்சினையைக் கையிலிருந்து வயலுக்கு, அதாவது பகிர்விலிருந்து உற்பத்திக்கு நகர்த்திவிட்டார். அவர் சொல்லாது விட்டது ஒன்றுண்டு: மழை பெய்தபின் அந்த வயல் யாருடையது என்பது.

அதனைப் படுவான்கரை சொல்லும். வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என்று சூரியனை வைத்தே இம்மண் தன்னைப் பிரித்துக்கொண்டது. பட்டினமும் பெரிய பாடசாலைகளும் வைத்தியசாலையும் கிழக்கே. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி எனப் பரந்த நெல்வயல்கள் மேற்கே. நெல் விளையும் கரையே வறிய கரையாக இருப்பது, வறுமை உற்பத்தியின்மையால் மாத்திரம் நேர்வதென்று நினைப்பவர்களுக்கு நேர் மறுப்பாகும். போடியார் நிலமுடையவராகவும், முல்லைக்காரன் அவருக்காக வயலைப் பார்ப்பவனாகவும், ஏனையோர் கூலிகளாகவும் நிலைபெற்ற ஓர் அமைப்பிலே களவெட்டியில் குவிந்த பொலி யாரிடம் போய்ச் சேரும் என்பது விதைப்பதற்கு முன்னரே தீர்மானமாகிவிடுகின்றது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகையாளனுக்குப் பாதுகாப்பளிக்கவும் குத்தகையை விளைவின் நாலிலொரு பங்குக்குள் மட்டுப்படுத்தவும் முனைந்தபோது, நாட்டின் பல பாகங்களிலும் நிலவுடைமையாளர் செய்த முதற்காரியம் குத்தகையாளரை வெளியேற்றியதேயாகும். முயற்சியின்மை பற்றிய பேச்சு அப்போது எங்கே போயிருந்தது?

அரசின் கொடை பற்றிய வரலாற்றையும் சுருக்கமாக நோக்கவேண்டும். 1942இல் யுத்தகாலத் தேவையாக வந்த அரிசிப் பங்கீடு, காலப்போக்கில் மக்களால் உரிமையாகக் கொள்ளப்பட்டது. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது ஆகஸ்ட் 12ஆந் திகதி நாடு ஹர்த்தாலில் நின்றது; இரு மாதங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். பிச்சையை இழந்தவன் அவ்வாறு கிளர்வதில்லை, பங்கை இழந்தவனே கிளர்வான். பங்கீடு என்ற தமிழ்ச் சொல்லிலேயே பங்கு இருப்பது எனக்கு எப்போதும் பொருளுடையதாகப்படுகின்றது. இப்பங்கீடும் இலவசக் கல்வியும் வைத்தியமும் சேர்ந்தே குறைந்த வருமானமுள்ள ஒரு நாட்டில் மக்களின் ஆயுளை உயர்த்தின என்று 1980களின் தொடக்கத்தில் அமர்த்தியா சென் எடுத்துக்காட்டினார்.

1978இல் பங்கீடு குறைந்த வருமானமுடையோருக்கென மட்டுப்படுத்தப்பட்டது. 1979இல் அதனிடத்தை உணவு முத்திரை பிடித்தது. முத்திரையின் ரூபாய்ப் பெறுமதி நின்றவிடத்தில் நிற்க, விலைகள் ஏறின. 1989இல் வந்த ஜனசவிய மாதம் 2,500 ரூபாவை 24 மாதங்களுக்கு வழங்குவதாகக் கூறி, அதில் 1,042 ரூபாவைச் சேமிப்பாக ஒதுக்கியது; ஏழை முதலாளியாகப் பயிற்றப்படவேண்டும் என்ற எண்ணம் அரச திட்டத்திலே அழுத்தமாகப் பதிந்தது அப்போதுதான். 1995இல் சமுர்த்தி; 2023இல் அஸ்வெசும. இப்பெயர்களைப் பாருங்கள். சிங்களத்திலே மக்கள் பலம், செழிப்பு, ஆறுதல் எனப் பொருள்தருவன, தமிழ் எழுத்தில் வெறும் ஒலிகளாக எம்மை வந்தடைகின்றன. தன்னை ஆறுதற்படுத்தும் திட்டத்தின் பெயருக்குப் பொருள் தெரியாமலே வெல்லாவெளித் தாய் வரிசையில் நிற்கிறாள். ஆயினும் மூலமொழியில் நிகழ்ந்துள்ள இறக்கம் கவனிப்புக்குரியது: பலத்திலிருந்து ஆறுதலுக்கு.

அஸ்வெசும 22 சுட்டிகளால் குடும்பங்களை அளந்தது. பட்டியல் ஒட்டப்பட்டபின் விடுபட்டவர் மேன்முறையீடு செய்யலாம். சேர்க்கப்பட்டவருக்கு எதிராக எவரும் ஆட்சேபனையும் செய்யலாம். மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில் குவிந்தன. பங்கீட்டுக் காலத்தில் அரசை நோக்கி ஒன்றாக நின்ற அயலவர், இங்கு ஒருவர் கூரையை மற்றவர் எட்டிப்பார்க்க நிர்ப்பந்திக்கப்பட்டனர்.

சுயமுயற்சிவாதிகள் கேட்ட பரிசோதனையும் இக்கரையில் நடந்தேயிருக்கின்றது. 1978 நவம்பர்ச் சூறாவளி, நீண்ட யுத்தம், 2004 ஆழிப்பேரலை ஆகியவற்றால் மீண்டும் மீண்டும் வெறுங்கையரான மக்களிடம், யுத்தம் முடிந்தபின் நுண்கடன் வந்தது. கடன் வாங்கிய பெண்கள் கோழி வளர்த்தனர், இடியப்பம் அவித்து விற்றனர், வாரந்தோறும் தவணை கட்டினர். பொறுப்பு என்ற சொல்லுக்கு இதனைவிடக் கடுமையான பொருள் இருக்கமுடியாது. ஒருத்தி தவறின் குழுவிலுள்ள மற்றையவள் கட்டவேண்டியிருந்தது. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்களின் ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய நேர்ந்தது. முயற்சி குறைந்ததால் அக்கடன்கள் நிலுவையாகவில்லை. வட்டி, முயற்சியை விஞ்சியது.

அரசு வெளியே நிற்கும் கொடையாளி என்ற கற்பனையையும் இங்கு கைவிடவேண்டும். மயிலத்தமடு–மாதவணை மேய்ச்சற்றரையை இழந்துவரும் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியிலே தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். அவர்கள் மாடு வேண்டிப் போராடவில்லை, மானியமும் கேட்கவில்லை. தமது மாடுகள் மேய்ந்த நிலத்தையே கேட்டனர். உழைக்கும் சாதனத்தைக் காக்கத் தவறிய அரசே மறுகையால் உதவி நீட்டுமாயின், அக்கையை மட்டும் பார்த்துச் செய்யும் விவாதம் எதற்கு?

முற்போக்காளராகிய எம்மீதும் குற்றமுண்டு. நிவாரணம் என்பது புரட்சியை மழுங்கடிக்கும் எலும்புத்துண்டு என்று நாம் நீண்டகாலம் எள்ளியிருக்கிறோம். 1953இல் பங்கீட்டுக்காக மக்களைத் திரட்டிய இடதுசாரிகள், தாம் பங்கேற்ற அரசாங்கம் 1973இல் அதே பங்கீட்டைக் குறைத்தபோது இடர்ப்பட்டனர். 1979இல் அது பறிபோனபோது போதிய எதிர்ப்பைத் திரட்ட அவர்களிடம் வலுவிருக்கவில்லை. எமது இலக்கியத்திலும் இதன் சுவடு உண்டு. வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளியும் நிலப்பிரபுவை எதிர்க்கும் விவசாயியும் முற்போக்குக் கதைகளின் நாயகராயினர். கூப்பன் கடை வரிசையில் நின்றவள் பின்னணியாகவே நின்றுவிட்டாள். உழைப்பவனைப் போற்றும் எமது அழகியல், உழைக்க இயலாதவனை என்ன செய்வதென்று அறியாது நின்ற இடங்களில் முதலாளியத்தின் முயற்சி அறத்தோடு கைகோத்திருக்கிறது என்று சொல்ல நான் தயங்கவில்லை. சாத்தனாரின் குருடரும் முடவரும் எம் கதைகளில் எங்கே இருக்கிறார்கள்?

ஆய்வாளருக்கு இங்கு கைபடாத ஒரு பனுவற்றொகுதி கிடக்கின்றது. பிரதேச செயலகங்களுக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் மக்கள் எழுதிய மேன்முறையீட்டு மனுக்களையே குறிப்பிடுகிறேன். எழுதத் தெரிந்த ஒருவரைக்கொண்டு, அதிகாரி விரும்பும் மொழியில், “தயவுகூர்ந்து” என்று தொடங்கி எழுதப்படுபவை அவை. அவற்றுள்ளே வாழ்க்கை வரலாறுகள் உண்டு. இடம்பெயர்வுகள், இழந்த தோணிகள், விற்ற தாலிகள் ஆண்டு வாரியாக வருகின்றன. யாசிக்கும் நடையிலே தொடங்கும் ஒரு மனு, எந்த வரியில் கணக்குக் கேட்கும் நடைக்கு மாறுகின்றது என்பதை எவராவது படித்துப் பார்த்துச் சொல்லவேண்டும்.