புனத்து யானையும் உவமை யானையும்

சங்கப் புலவர்கள் விலங்கியலிலும் வல்லவர்கள் என்று நம் மேடைகளில் அடிக்கடி முழங்கக் கேட்கிறோம். வகுப்பறையிலும் அவ்வாறே கற்பிக்கிறோம். ஆயினும் யானை வரும் இரண்டு பாட்டுகளை அருகருகே வைத்து நோக்கினால், இப்புகழுரையை அப்படியே ஏற்க என்னால் இயலவில்லை.

ஒன்று, கலித்தொகையின் 11ஆம் பாட்டு. பாலை நிலத்தில் சிறிதளவே நீர். அதையும் கன்று கலக்கிவிடுகிறது. அந்நீரைப் பிடிக்கு முதலில் ஊட்டிவிட்டுப் பின்னரே தான் உண்கிறது களிறு. மற்றொன்று, அகநானூற்றின் 102ஆம் பாட்டு. தினைப்புனத்துப் பரண்மேல் கானவன் கள்ளுண்டு கிடக்கிறான். கொடிச்சி கூந்தலை உலர்த்தியவாறு குறிஞ்சிப்பண் பாடுகிறாள். கதிர் கவர வந்த இளங்களிறு கதிரையும் கொள்ளாது, நின்ற இடத்தைவிட்டுப் பெயராது, அங்கேயே உறங்கிவிடுகிறது. இவ்விரண்டில் நாம் விரும்பி எடுத்துக் காட்டுவது கலித்தொகைக் களிற்றையே.

ஆராய்ச்சியாளர் சொல்வது என்ன? யானைக் கூட்டத்தை நடத்துவது மூத்த பிடி. ஆண் யானை பருவம் எய்தியதும் கூட்டத்தைவிட்டு நீங்கித் தனித்தோ பிற ஆண்களோடோ திரியும். பிடியை நாடி வருவது பெரும்பாலும் இணை சேரும் பொருட்டே. கன்றைப் பேணும் தந்தை என்பது யானைகளிடை இல்லை. ஆகவே கலித்தொகைக் களிறு யானை உருவில் வந்த நல்ல கணவனேயன்றிக் காட்டு விலங்கு அன்று. இக்காட்சியைக் கண்டால் தலைவன் திரும்பி வருவான் என்று தேறியிருக்கும் தலைவிக்கு அத்தகைய களிறுதான் வேண்டும். பாட்டுக்கு அது குறையாகாது. அதை விலங்கியல் என்று விற்கும் நமக்கே குறை.

புனத்துக் களிற்றின் நிலை வேறு. 1980களின் தொடக்கத்தில் சத்தியமங்கலம், சாமராசநகர்க் காடுகளில் யானைகளை ஆராய்ந்த இராமன் சுகுமார், விளைநிலத்துக்குள் நுழைவதில் வளர்ந்த ஆண் யானை கூட்டத்து யானையைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு முந்துவதைக் கண்டார். அகநானூற்றுப் பாட்டில் பிடி இல்லை, கன்றும் இல்லை. களிறு ஒன்றே வருகிறது. அதுவும் காவலன் அயர்ந்த நேரத்தில் வருகிறது. இசையில் மயங்கியது மட்டும் புலவர் சேர்த்தது எனலாம். (அது மெய்யானால் எத்தனை உழவர் பிழைத்திருப்பர்!) மற்றவை பரண்மேல் விழித்திருந்தவன் கண்டவை. புலவர்க்கு அவற்றை அளித்தவன் அவனே. நம் உரைநூல்களோ அவனைக் கருப்பொருள் வரிசையில் ஒரு பெயராக்கி அமர்கின்றன.

அவன் அறிவின் பயனை இன்று காண ஆனைமலையின் வால்பாறையை நோக்க வேண்டும். சுமார் 220 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பில் தேயிலையும் காப்பியும் விளையும் மேட்டுநிலம், சுற்றிலும் காடு. அங்குள்ள தொழிலாளர் பலர், நம் தோட்டப்புறத்தார் போலவே, சமவெளியிலிருந்து பிழைக்கப் போன தமிழர் வழியினர். 1994 முதல் 2012 வரை முப்பதுக்கும் மேற்பட்டோர் அங்கு யானையால் மாண்டனர். 2002 முதல் அப்பகுதி யானைகளைத் தொடர்ந்து வந்த எம். ஆனந்தகுமார் குழுவினர், பெரும்பாலோர் இறந்தது யானை அருகில் நிற்பதை அறியாமையால் என்று கண்டனர். வேலி போடுவதை விட்டுச் சேதி சொல்ல முனைந்தனர். உள்ளூர்த் தொலைக்காட்சியில் அறிவிப்பு ஓடிற்று. 2011 முதல் கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்தது. உயர்ந்த இடங்களில் சிவப்பு விளக்குகள் நின்றன. அவ்விளக்குகளைக் கைப்பேசி வழியே ஏற்றுவோர் ஊராரும்தாம். யானை எங்கே என்ற சேதியும் அவர்களிடமிருந்தே வருகிறது. உயிரிழப்பு குறைந்தது. ஆராய்ச்சியாளர் தனித்து நின்று செய்திருக்கக் கூடிய காரியம் அன்று இது.

இதை அறிந்தபின் அகநானூற்றுப் பாட்டை மீண்டும் படித்தேன். கானவன் கள்ளுண்டு கிடந்ததை இதுவரை வேடிக்கையாகவே மாணவர்க்குச் சொல்லி வந்திருக்கிறேன். பல இரவு தொடர்ந்து விழித்தவன் ஓரிரவு அயர்கிறான். அந்த ஓரிரவில் குடும்பத்தின் ஆண்டு உணவு போய்விடக்கூடும். கொடிச்சி பாடியது கூந்தல் உலர்த்தும் பொழுதைப் போக்கவா, காவலைத் தான் ஏற்றுக்கொண்டா? பாட்டில் விடை இல்லை. நான் இரண்டாவதாகவே இப்போது படிக்கிறேன்.