டர்போவுக்கு ஒரு கடிவாளம்

1956 ஆகஸ்ட் 4 அன்று டிராம்பேயில் அப்ஸரா அணு உலை உயிர்பெற்ற காலந்தொட்டே, சக்தியைவிட அதை அடக்கியாளும் நுட்பமே அரியது என்பது இந்தப் பக்கத்தில் பழகிய சங்கதி. அணுசக்தி நகரில் டர்போ காரை மாற்றியமைத்து, எரிபொருளையும் தீப்பொறியையும் ஆளும் கணினியான இ.சி.யு. தேடும் நண்பர்களிடமும் அந்த விவேகத்தையே எதிர்பார்க்கிறேன்.

எடையில் பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்பது நிதான ஓட்டத்துக்குப் பொருந்தும். டர்போ காற்றை அழுத்தித் திணிக்கும்போதோ, அந்தக் காற்றுப் பங்கு 12-ஐ ஒட்டி இறங்கித் தீப்பொறியும் சற்றுத் தாமதிக்காவிடில், கலவை தானே வெடிக்கும் நாக்கிங் எழுந்து பிஸ்டனே பழுதாகிவிடும். சிறு மாற்றங்களுக்குக் கம்பெனி இ.சி.யு.வின் அட்டவணைகளைத் திருத்தி ரீமேப் செய்வதே உத்தமம். டர்போவும் இன்ஜெக்டரும் பெரிதானால் ஆஸ்திரேலியாவின் ஹால்டெக், மோடெக் போன்ற தனி இ.சி.யு.க்களோ, கைவேலைப் பிரியர்கள் தாமே கூட்டிச் சேர்க்கும் மெகாஸ்குவர்ட்டோ வேண்டும். எதுவாயினும், ஆயில் பிரஷர் குறைந்தால் பூஸ்ட்டைத் தானே வெட்டுகிறதா என்பதே என் முதற் பரீட்சை.

லேப்டாப் திரையில் ஆர்.பி.எம்.மும் அழுத்தமும் சந்திக்கும் கட்டமொன்றில் டியூனர் ஓர் எண்ணைச் சிறிதே கூட்ட, காற்று–பெட்ரோல் விகிதம் காட்டும் வைட்பேண்ட் மீட்டரில் 12.4 மெல்ல 11.8-க்கு இறங்கி நிலைகொள்ளும் அழகை எத்தனை நேரமும் பார்த்திருப்பேன். சயான்–டிராம்பே சாலையின் மே மாத நெரிசலில் உறிஞ்சும் காற்றே சுடுமாதலால், அந்த வெப்பத்துக்கேற்பத் தீப்பொறியைப் பின்தள்ளும் அட்டவணையையும் அன்றே நிரப்பிவிடச் சொல்வேன்.