கையளவு ரிசீவரும் கட்டுமாவடிக் கடலும்

கட்டுமாவடி என்றதும் பலருக்கு மீன்தான் நினைவுக்கு வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி நண்டும் இறாலும் வாங்கிப் போகிற ஊர் அது. புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையின் வடகோடி. தாண்டினால் தஞ்சாவூர் மாவட்டம். வானொலி கேட்கும் பித்து உள்ளவர் அந்த ஊரை வேறொரு காரணத்துக்காக நேசிக்கலாம். பாக் விரிகுடாவின் வடமேற்கு மூலையில் அது அமைந்திருக்கிறது. எதிரே திறந்த உப்புத் தண்ணீர். உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால், நிலத்தின் மேல் சீக்கிரம் தேய்ந்துபோகும் மத்திய அலை, கடலின் மேல் தெம்பு குறையாமல் வந்து சேர்கிறது. யாழ்ப்பாணம் நேர்கோட்டில் சுமார் 100 கிலோமீட்டர்தான். இலங்கையின் புத்தளத்தில் 882 கிலோஹெர்ட்ஸில் 400 கிலோவாட் சக்தியோடு நிற்கும் டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ நிலையம் 250 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. இடையில் கிட்டத்தட்ட முழுக்கக் கடல்.

அப்படிப்பட்ட கரையில் சிற்றலை கேட்க இன்று கையில் எடுக்கத் தகுந்த கருவி, கையளவே உள்ள ஒரு எஸ்டிஆர் ரிசீவர். சாஃப்ட்வேர் டிஃபைன்ட் ரேடியோ என்பதன் சுருக்கம் அது. இந்த வகையில் ரசிகர்களிடம் பெயர் வாங்கியது, ரஷ்ய ஹாம்கள், அதாவது அமெச்சூர் வானொலியாளர்கள், வடிவமைத்த மலாஹிட் டிஎஸ்பி. சின்ன உலோகப் பெட்டி, முகத்தில் தொடுதிரை, பக்கத்தில் இரண்டு திருகுகள், உள்ளே பேட்டரியும் ஒலிபெருக்கியும். டிஎஸ்பி2 என்ற அடுத்த பதிப்பில் திரை மூன்றரை அங்குலம். கணினியோ செல்போனோ துணைக்கு வேண்டாம். ஆன்டெனாவைச் செருகினால் வேலை தொடங்கிவிடும்.

பழைய செட்டின் வயிற்றைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதன் உள்ளே இருக்கும் வெறுமை வியப்பூட்டும். கேங் கண்டன்சர் இல்லை, டயல் கயிறு இல்லை, வரிசையாக ஐஎஃப் காயில்கள் இல்லை. 1918-ல் எட்வின் ஆம்ஸ்ட்ராங் கண்டுபிடித்த சூப்பர்ஹெட்டரோடைன் முறைதான் நம் வீட்டு வால்வு ரேடியோவையும் டிரான்சிஸ்டரையும் ஆண்டது. வந்த அலையை 455 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே இடைநிலை அலைவெண்ணுக்கு மாற்றி, அங்கே காயில்களால் வடிகட்டிக் குரலைப் பிரித்தார்கள். மலாஹிட்டில் எம்எஸ்ஐ001 என்ற ட்யூனர் சில்லு அலைவரிசையின் ஒரு துண்டை மட்டும் வெட்டிக் கீழே இறக்குகிறது. அந்தத் துண்டு எண்களாக மாறுகிறது. பிறகு நடப்பதெல்லாம் எஸ்டிஎம்32 வகை நுண்கட்டுப்படுத்தி போடும் கணக்கு. வடிகட்டுவது கணக்கு, குரலைப் பிரிப்பது கணக்கு, இரைச்சலைத் தணிப்பதும் கணக்கு.

வடிகட்டி கணக்காக மாறியதால் ரசிகனுக்குக் கிடைத்த லாபம் பெரிது. பழைய செட்டில் வடிகட்டியின் அகலம் கம்பெனி வைத்தது, மாற்ற முடியாது. இங்கே மீனுக்கேற்ற கண்ணியுள்ள வலையை எடுப்பதுபோல அகலத்தைக் கேட்பவரே தேர்ந்தெடுக்கலாம். பக்கத்தில் யாரும் இல்லாத நிலையத்தின் இசைக்கு 9 கிலோஹெர்ட்ஸ். நெரிசலில் பேச்சு மட்டும் வேண்டுமென்றால் 4 அல்லது 5. ஹாம்களின் ஒற்றைப் பக்கப்பட்டைப் பேச்சுக்கு 2.7, மோர்ஸ் தந்திக்கு 500 ஹெர்ட்ஸ் கூட அதிகம்.

இந்த எண்ணத்துக்கு ‘சாஃப்ட்வேர் ரேடியோ’ என்று 1991-ல் பெயர் சூட்டிப் பரப்பியவர் அமெரிக்கப் பொறியாளர் ஜோசப் மிட்டோலா. வெகுகாலம் அது ராணுவத்தின் விலையுயர்ந்த சொத்தாகவே இருந்தது. 2012-ல்தான் சாமானியரின் மேசைக்கு வந்தது. கணினியில் டிவி பார்க்க விற்ற ஒரு சிறு டாங்கிளில், ஆர்டிஎல்2832யு என்ற சில்லு, பிடித்த அலையைச் சமைக்காமல் பச்சை எண்களாகவே வெளியே தரக்கூடியது என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு எஸ்டிஆர் உலகெங்கும் மொட்டைமாடிகளில் ஏறியது. இந்தியாவுக்கும் இதில் பெருமைப்படப் பங்குண்டு. ஹைதராபாத் ஹாம் அஷர் ஃபர்ஹான் முதலில் பிட்எக்ஸ் என்ற, கேட்கவும் பேசவும் உதவும் எளிய டிரான்ஸீவரை வடிவமைத்து அதன் வரைபடத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டார். பின்னாளில் ராஸ்பெரி பை கணினியை மூளையாகக் கொண்ட எஸ்பிட்எக்ஸ் என்ற எஸ்டிஆரையும் கொண்டுவந்தார்.

ஆனாலும் மலாஹிட் வைத்திருப்பவரை மயக்குவது அதன் காதைவிடக் கண்தான். திரையின் மேல்பாதியில் அலைவரிசையின் வரைபடம். கீழ்ப்பாதியில், நொடிக்கு நொடி கீழே வழிந்துகொண்டே போகும் வண்ணப் பட்டை. அதற்கு வாட்டர்ஃபால் என்று பெயர். 160 கிலோஹெர்ட்ஸ் அகலம் ஒரே பார்வையில் விரிகிறது. சிற்றலையில் நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்பவை. ஆகவே முப்பதுக்கு மேற்பட்ட வாசல்களில் எதில் விளக்கு எரிகிறது, எது இருண்டிருக்கிறது என்று திருகாமலே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு ஒலிபரப்புக்கும் அங்கே ஒரு முகம் உண்டு. சாதாரண ஏஎம் நிலையம் நடுவே ஓர் அழுத்தமான கோடு. இருபுறமும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒரே மாதிரியான இரண்டு இறக்கைகள். அறிவிப்பாளர் மூச்சுவிடும்போது இறக்கைகள் மறையும், கோடு மட்டும் நிற்கும். பாட்டு தொடங்கினால் இறக்கை விரியும். ஹாம்களின் பேச்சுக்குக் கோடு கிடையாது, ஒற்றை இறக்கைதான். மோர்ஸ், விட்டுவிட்டு வைத்த புள்ளிகளும் கோடுகளும். டிஆர்எம் என்ற டிஜிட்டல் ஒலிபரப்பு 10 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் ஏற்றத்தாழ்வில்லாத ஒரு பாளமாகத் தெரியும். அடிவானத்துக்கு அப்பால் பார்க்கும் ராடார் வந்தால் பல நிலையங்களை மூடிக்கொண்டு பட்டையடிக்கும். எங்கோ இடி மின்னல் என்றால் திரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை குறுக்கே ஒரு கீற்று பளிச்சிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கட்டுமாவடியில் இந்தக் கீற்றுகளுக்குப் பஞ்சம் இருக்காது.

14,074 கிலோஹெர்ட்ஸுக்குப் போனால் மெல்லிய புழுக்கள்போன்ற கோடுகள் 15 நொடிக்கு ஒருமுறை சேர்ந்து எழும், சேர்ந்து அடங்கும். அது எஃப்டி8. பல்சார் ஆய்வுக்காக 1993-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற ஜோசப் டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் 2017-ல் ஹாம்களுக்காக உருவாக்கிய முறை. இரைச்சலுக்கு அடியில் புதைந்துகிடக்கும் சைகையையும் கணினி இதில் படித்துவிடும்.

சூரியன் சாயும் நேரம்தான் கச்சேரி களைகட்டும் நேரம். பகலில் மத்திய அலையை வானத்தின் டி அடுக்கு விழுங்கிவிடுகிறது. பொழுது சாய அந்த அடுக்கு கரைகிறது. மேலே 200 முதல் 400 கிலோமீட்டர் உயரத்திலுள்ள எஃப் அடுக்கு அலைகளைத் திருப்பி அனுப்பத் தொடங்குகிறது. பகலெல்லாம் திருச்சியின் 936, புத்தளத்தின் 882 என்று சில கோடுகளே நின்ற திரையில், இருட்ட இருட்ட ஒன்பது கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு கோடாக வேலி எழும்புவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பிறகு சிற்றலைக்குத் தாவ வேண்டும். 25 மீட்டர், 31 மீட்டர், இரவு ஏறியதும் 41, 49 என்று கீழே இறங்கி வருவது கேட்பவர்கள் வழக்கம். 10,000 கிலோஹெர்ட்ஸில் சீனாவின் பிபிஎம் நிலையம் நொடிக்கு ஒரு ‘டிக்’ ஒலியோடு உலக நேரம் சொல்லும். ரிசீவரின் அலைவெண் சரியாக இருக்கிறதா என்று உரசிப் பார்க்க அது நல்ல உரைகல்.

தமிழ்நாட்டுக் கடற்கரைக்கே உரிய ஒரு நுட்பமும் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21-ல் ஆய்வு ராக்கெட் முதன்முதலாகக் கிளம்பியதற்கும், திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருப்பதற்கும் அந்தக் கோடுதான் காரணம். அந்த வட்டாரத்தில் சூரியன் மறைந்த சில மணி நேரம் எஃப் அடுக்கு கொந்தளிக்கும். மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி அது கூடுதலாக இருக்கும். அப்போது தூரத்து நிலையத்தின் குரல் படபடவென்று நடுங்கும். பழைய ரேடியோவில் அது வெறும் தொந்தரவு. வாட்டர்ஃபாலில், கூர்மையாக இருந்த கோடு பஞ்சுத் திரிபோலப் பிசிறுவது கண்ணுக்குத் தெரியும். வானத்தின் நிலையைத் திரையில் படிப்பது இதுதான். அந்த நேரத்தில் சிங்க்ரனஸ் வகைப் பிரிப்பு இருக்கும் ரிசீவர் கைகொடுக்கும்: மங்கிப்போகும் நடுக்கோட்டுக்குப் பதிலாகத் தானே ஒரு கோட்டை உருவாக்கிக்கொண்டு, குரல் உடையாமல் காப்பாற்றும்.

பெட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே ஆன்டெனாவை மறப்பவர்கள் ஏராளம். சுவையில் பாதிக்கு மேல் அங்கேதான். கூடவே வரும் குச்சி ஆன்டெனா அறிமுகத்துக்கு மட்டும். இரண்டு தென்னைகளுக்கு நடுவே பத்துப் பதினைந்து மீட்டர் கம்பி கட்டினால் கருவி வேறு கருவியாகிவிடும். கடற்காற்றில் வெறும் செம்புக் கம்பி பச்சை பூத்து அரித்துப் போகும். உறையிட்ட கம்பியே நல்லது, இணைப்புகளைப் பூசி மூட வேண்டும். எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், செல்போன் சார்ஜர் எல்லாம் சிற்றலைக்கு எமன். அவற்றின் இரைச்சல் திரையில் சம இடைவெளியில் சாய்ந்து நகரும் கோடுகளாகக் காட்டிக்கொடுத்துவிடும்; ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துக் குற்றவாளியைப் பிடிக்கலாம். கம்பி கட்ட வழியில்லாதவர்களுக்கு வளைய ஆன்டெனா உண்டு. அதைத் திருப்பித் திருப்பி, இரைச்சல் வரும் திசையைச் செவிடாக்கலாம்.

மலாஹிட்டின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். பூதாகாரமான சைகை உள்ளே புகுந்தால் அது திணறும்; இல்லாத இடத்தில் பொய் நிலையங்களைக் காட்டும். நீளக் கம்பியும் 400 கிலோவாட் அண்டைவீடும் சேரும் கரையில் சைகையைத் தணிக்கும் அட்டென்யுவேட்டரைப் போட்டுக் கேட்கப் பழக வேண்டும். சந்தையில் நகல்கள் மலிந்திருக்கின்றன. பலவற்றில் பழைய மென்பொருளே ஓடும். நல்ல குரல் மட்டும் போதும், காட்சி வேண்டாம் என்பவருக்கு டெக்சன் பிஎல்-330 போன்ற சிறிய ரேடியோ நிறைவு தரும்.

இந்தக் கரையில் வானொலி பொழுதுபோக்கு மட்டுமாக இருந்ததில்லை. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரை கடந்தபோது மின்சாரமும் செல்போன் கோபுரங்களும் படுத்துவிட்டன, தென்னைகளும் சாய்ந்தன. அம்மாதிரி நாளில் பேட்டரியில் ஓடும் ரிசீவரின் மதிப்பு தெரியும். 518 கிலோஹெர்ட்ஸில் நாவ்டெக்ஸ் என்ற சேவை கப்பல்களுக்கு வானிலை எச்சரிக்கைகளை எழுத்தாக அனுப்புகிறது. பரங்கிப்பேட்டையிலும் முட்டத்திலும் அதற்கு நிலையங்கள் உண்டு. ரிசீவரின் ஒலியைக் கணினிக்குக் கொடுத்தால் கடல் எச்சரிக்கையை வீட்டிலிருந்தே வாசிக்கலாம்.

குரல்களுக்காக ஏங்கிய காலமும் இந்தக் கரைக்கு உண்டு. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது ஆகியோரின் இலங்கை வானொலி இங்கே அக்கம்பக்கத்துக் குரல். ஈழப் போர்க் காலத்தில் இரவு 9.15-க்கு பிபிசி தமிழோசைக்காகக் காத்திருந்தவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் எத்தனையோ பேர். 1941 மே 3-ல் தொடங்கிய அந்த வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30-ல் நின்றது. மணிலாவிலிருந்து வந்த ரேடியோ வெரித்தாஸ் 2018 ஜூன் 30-ல் சிற்றலையை விட்டது. திருகோணமலையில் நிலையம் வைத்திருந்த ஜெர்மனியின் டாய்ச்ச வெல்ல, 2013-ல் அதை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனது.

இந்த இடத்தில்தான் எஸ்டிஆர் ரசனையைக் கடந்து ஆவணமாகிறது. 60 மில்லிமீட்டர் நீளமே உள்ள ஏர்ஸ்பை எச்எஃப் பிளஸ் டிஸ்கவரி என்ற கருவியைக் கணினியில் இணைத்தால், 9,400 முதல் 9,900 வரையிலான 31 மீட்டர் அலைவரிசை முழுவதையும் ஒரே கோப்பில் பதிந்துவிடலாம். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 11 ஜிகாபைட் இடம் பிடிக்கும். பத்து வருடம் கழித்து அந்தக் கோப்பைத் திறந்து, அன்றைய மாலையில் எந்த நிலையத்துக்கு வேண்டுமானாலும் திருகிப் போகலாம். தமிழோசையின் கடைசி இரவை இப்படி யாராவது முழு அலைவரிசையாகப் பதிந்திருந்தால் அது எவ்வளவு பெரிய சொத்து!

ஆகவே வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் எஸ்டிஆரில் வாட்டர்ஃபாலைப் படித்துப் பழகுங்கள், செலவில்லை. மனம் பிடித்தால் கருவி வாங்குங்கள். வாங்கும் பணத்தில் ஒரு பங்கைக் கம்பிக்கு ஒதுக்குங்கள். 1963-லிருந்து தமிழில் பேசிவரும் சீன வானொலியும், வத்திக்கான் வானொலியின் தமிழ்ப் பிரிவும் இன்னும் சிற்றலையில் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் பிடித்துப் பதிந்து வையுங்கள். கேட்ட தேதி, அலைவெண், இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்த உலக நேரம், குரலின் தெளிவு, நிகழ்ச்சியில் வந்த இரண்டு மூன்று செய்திகள் ஆகியவற்றை எழுதி அந்த நிலையத்துக்கே அனுப்புங்கள். சிற்றலையில் தமிழ் கேட்க ஆள் இருக்கிறது என்பதற்கு அந்த நிலையங்களின் கையில் இருக்கும் சான்று நேயர்களின் கடிதம்தான்.