சவலைப் பிள்ளையும் பெயரில்லாத் தாயும்

எமது மொழியில் 'சவலை' என்றொரு சொல் உண்டு. தாய் மீண்டும் கருவுற்றமையால், தாய்ப்பாலை உரிய காலத்துக்கு முன்னரே இழந்து மெலியும் குழந்தையைச் சவலைப் பிள்ளை என்பர். ஆபிரிக்காவிலே, அன்று பொற்கரை என்றும் இன்று கானா என்றும் அழைக்கப்படும் நாட்டில், கா மொழி பேசும் மக்களிடமும் இதற்கு நிகரான ஒரு சொல் வழங்கிற்று. 1930களில் அங்கு பணிபுரிந்த வைத்தியர் சிசிலி வில்லியம்ஸ், அச்சொல்லையே ஒரு போசாக்கின்மை நோயின் பெயராக மருத்துவ உலகுக்கு அறிமுகஞ் செய்தார். 'குவாஷியோர்க்கர்' எனும் அப்பெயர், அடுத்த குழந்தையின் வரவால் தாய்மடியிலிருந்து இறக்கப்பட்ட பிள்ளைக்கு வரும் நோயைக் குறிப்பது. ஒன்றையொன்று அறியாத இரு மக்கட் கூட்டங்கள் ஒரே துயருக்குப் பெயரிட்டிருக்கின்றன.

ஆனால், மெலிந்த பிள்ளைக்குப் பெயரிட்ட தமிழ், அப்பிள்ளையை ஒரு கையில் ஏந்திக்கொண்டு மற்றொன்றை வயிற்றிற் சுமந்த தாய்க்குப் பெயரிடவில்லை. இவ்விடுபாடு தற்செயலானதா? நமது இலக்கியத்தின் நீண்டநாட் குறையொன்று இதில் வெளிப்படுகிறது என்பதே எமது கருத்து.

இவ்வெண்ணம் எமக்கு நூலகத்தில் உதித்ததன்று. மலையகப் பாடசாலை ஒன்றில் நாம் கற்பித்துவந்த காலத்தில், பத்தாந்தர மாணவி ஒருத்தி திடீரென வகுப்புக்கு வராது நின்றாள். கெட்டிக்காரப் பிள்ளை, தமிழ்ப் பாடத்தில் முதல்வி. காரணம் அறிய லயத்துக்குச் சென்றோம். ஏழு மாதக் கைக்குழந்தையை மகள் தூக்கி வைத்திருந்தாள். தாய் மீண்டும் கருவுற்றிருந்தார். மயக்கமும் வாந்தியுமாகப் படுத்திருந்தார். "புள்ள இன்னும் பால் குடிக்குது டீச்சர். குளிக்கக்கூட இல்ல. பால் குடுக்கையில தங்காதுன்னுதானே எல்லாரும் சொல்றாங்க?" என்று அவர் எம்மைக் கேட்டார்.

எமக்கு விடை தெரியவில்லை. பல்கலைக்கழகத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்ற நாம், பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களையும் வரிசை பிறழாது ஒப்புவிப்போம். அந்தத் தாயின் எளிய வினாவுக்கு முன் எமது பட்டம் ஊமையாகி நின்றது.

மரபிலக்கியத்தை இவ்வினாவோடு மீண்டும் புரட்டிப் பார்ப்போம். பிள்ளைத்தமிழ் குழந்தையின் வயதை நுட்பமாகக் கணக்கிடும் இலக்கியம். மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தாம் மாதம் செங்கீரை, ஏழாம் மாதம் தால் எனத் தொடங்கி இருபத்தோராம் மாதம்வரை செல்கிறது அதன் கணக்கு. பாடுவோன் தாயின் வாயைக் கடன் வாங்குகிறான். தாயின் உடலைப் பற்றி வாய் திறப்பதில்லை. பாட்டுடைத் தலைவன் அரசனாயினும் தெய்வமாயினும், பாலூட்டுபவள் வெறும் பின்னணியே.

தமிழ் மரபு இவ்விடயத்தைப் பேசவே கூசியது என்று எவரும் சமாதானம் கூறவேண்டாம். தொல்காப்பியக் கற்பியல், பூப்புக்குப் பின் வரும் பன்னிரு நாட்களிலும், பரத்தையிற் பிரிந்த தலைவனாயினும் தலைவியைப் பிரிந்திருத்தல் ஆகாது என விதிக்கிறது. உரையாசிரியர்கள் இதைக் கருத்தங்கும் காலத்தோடு பொருத்தியே விளக்கினர். அகநானூற்றின் இருபத்தாறாம் பாடலிலோ, பால் சுரக்கும் மார்பைத் தழுவத் தலைவன் தயங்கியதைத் தலைவி ஊடலோடு நினைவுகூர்கிறாள். ஆகவே அறிவும் இருந்தது. அதைப் பேசும் துணிவும் இருந்தது. ஆனால் அந்த அறிவு மகப்பேற்றை உறுதிசெய்யும் அறிவு. ஊடல் தலைவியின் மனத்தைக் காட்டியது; அடுத்த கருவைப் பற்றிய அவளது அச்சத்தைக் காட்டவில்லை. மகவைப் பெறுவதற்கான அறிவு இலக்கணத்தில் ஏறிற்று. பெறாதிருப்பதற்கான அறிவோ அடுப்படியிலே, அரைகுறையாகக் கிசுகிசுக்கப்பட்டது. பெண்ணின் உடலைச் சந்ததிக்குரிய நிலமாக நோக்கிய சமுதாயத்தில் வேறெதை எதிர்பார்க்க முடியும்?

அந்த அடுப்படி அறிவு முற்றும் பொய்யுமன்று. குழந்தை உறிஞ்சும்போது எழும் நரம்புத் தூண்டல் மூளையைச் சென்றடைகிறது. சூலகத்தை இயக்கும் ஓமோன்களின் சுரப்பு அதனால் தணிகிறது. முட்டை முதிர்ந்து வெளிப்படுவது தடைப்படுகிறது. 1988இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய ஆய்வாளர்கள் இதன் எல்லையைத் தெளிவாக வகுத்தனர். மூன்று நிபந்தனைகள் ஒருங்கே நிறைவேற வேண்டும். குழந்தைக்கு ஆறு மாதம் பூர்த்தியாகியிருத்தலாகாது. தாய்க்கு மாதவிடாய் திரும்பியிருத்தலாகாது. குழந்தை முற்றாக, அல்லது ஏறத்தாழ முற்றாக, இரவும் பகலும் தாய்ப்பாலையே உண்ண வேண்டும். பகலில் நான்கு மணித்தியாலத்துக்கும் இரவில் ஆறு மணித்தியாலத்துக்கும் மேல் இடைவெளி விடலாகாது என்பது பொதுவாகக் கூறப்படும் வழிகாட்டல். இம்மூன்றும் பொருந்துமிடத்து, அந்த ஆறு மாதங்களில் நூற்றுக்கு இருவருக்கும் குறைவானவர்களே கருவுறுவர். ஒன்று தவறினும் அந்தக் காவலை நம்பியிருத்தல் தகாது.

பிள்ளைத்தமிழின் கணக்கிற் கூறுவதானால், செங்கீரைப் பருவம் கழிந்து தாலப் பருவம் தொடங்குமுன் இந்தக் காவல் முடிந்துவிடுகிறது. நாம் கண்ட குழந்தைக்கோ ஏழு மாதம்.

"குளிக்கக்கூட இல்ல" என்று அந்தத் தாய் கூறியதிலேதான் பெரிய பொறி இருக்கிறது. மாதவிடாய் என்பது முட்டை வெளிப்பட்டு, கரு தங்காதபோது பின்னர் தோன்றும் அடையாளம். எனவே பாலூட்டும் தாயின் முதல் முட்டை, முதல் மாதவிடாய்க்கு முன்னரே வெளிப்படக்கூடும். அவ்வேளையில் கருவுற்றவள், இடையில் ஒரு நாளேனும் குளியாமலே அடுத்த பிள்ளையைச் சுமக்கிறாள். தொல்காப்பியரின் நாட்கணக்குப் பூப்பிலிருந்து தொடங்குவது. இவளுக்கோ எண்ணத் தொடங்குவதற்கே ஒரு நாள் வாய்ப்பதில்லை.

இனி, இவ்விடயத்தின் சமுதாய அடிப்படைக்கு வருவோம். இந்தக் காவல் பாலின் குணமன்று. தாயும் சேயும் பிரியாதிருப்பதன் விளைவு. கலஹாரிப் பாலைநிலத்தின் குங் வேட்டுவ மக்களிடையே நிகழ்ந்த ஆய்வொன்று 1980இல் வெளிவந்தது. அம்மக்களின் தாய்மார் குழந்தையை உடலோடு அணைத்தே திரிந்தனர். பகலில் மணித்தியாலத்துக்குப் பலமுறை பாலூட்டினர். இரவிலும் அருகிலேயே கிடத்தினர். அவர்களிடையே ஒரு பேற்றுக்கும் மறு பேற்றுக்கும் மூன்றரை ஆண்டுக்கு மேல் இடைவெளி இருந்தது. பால் தரும் காலத்திற் கரு தங்காது என்ற நம்பிக்கை இத்தகைய வாழ்வுக்குப் பொருந்தும். வாழ்வு மாறிய பின்னும் நம்பிக்கை மாறாது நிற்பதே அவலம்.

தோட்டத்துத் தாயின் நாளை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுகிறாள், பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டு மலையேறுகிறாள். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இன்று 84 நாள் விடுமுறை அளிக்கின்றன. மூன்றாவது பிள்ளை முதல் அதிற் பாதியே கிடைத்துவந்த அநீதி 2018இலேதான் நீங்கிற்று. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்ட ஒன்பது மணித்தியால வேலையில் இரு இடைவேளைகளும் சட்டத்தில் உண்டு. ஆனால் கொழுந்து மலைக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் இடையிலுள்ள ஏற்றத்தையும், நிறைக்கணக்கில் அளக்கப்படும் நாட்கூலியையும் சட்டம் அளப்பதில்லை. குழந்தை காப்புப் பருவத்தை எட்டும் வேளையிலேயே தாய் கூடை சுமக்கத் தொடங்குகிறாள். பால் மார்பிலே கட்டுகிறது. காம்பராவிலே குழந்தைக்கு வேறு ஆகாரம் புகட்டப்படுகிறது. இயற்கையின் காவலைக் குலைத்தது தாயின் அசட்டையன்று. அவளது உழைப்பு வாங்கப்படும் முறையே அதைக் குலைத்தது. ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணின் நிலையும், வெகுதூரப் பாடசாலைக்குப் பஸ் ஏறும் ஆசிரியையின் நிலையும் அடிப்படையில் இதுவே.

2016ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி, இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பாலை மட்டுமே அருந்துகின்றனர். இது நாம் பெருமைப்படத்தக்க சாதனை. ஆயினும், பால் கொடுங்கள் என்ற போதனை எட்டிய இடமெல்லாம், அப்பாலின் காவலுக்கு எல்லை உண்டு என்ற எச்சரிக்கையும் எட்டியதா? நாம் கண்ட தாய்க்கு எட்டவில்லை.

தற்கால இலக்கியம் இங்கு என்ன செய்தது? தமிழகத்தில் பெரியார், 'பெண் ஏன் அடிமையானாள்?' என்ற நூலில் கர்ப்பத்தடைக்கு ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கினார். பிறர் தாயின் உடல்நலத்துக்காகவும் நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் அதைக் கோரியபோது, பெண்ணின் விடுதலைக்காக அவர் கோரினார். பாரதிதாசன் அதைக் கவிதைப் பொருளாக்கினார். இவ்விருவரும் கதவைத் திறந்தனர். ஆனால் எமது சிறுகதையாசிரியரிற் பலர் அக்கதவின் வழியே நுழையவில்லை. 'கையிலொன்று, இடுப்பிலொன்று, வயிற்றிலொன்று' என்ற சித்திரத்தை எத்தனை கதைகளிற் கண்டிருக்கிறோம்! வறுமையைக் காட்டுவதற்கு அது ஒரு முத்திரையாகிவிட்டது. வயிற்றிலுள்ளது எப்படி வந்தது, அவள் அதை விரும்பினாளா, எதை நம்பி ஏமாந்தாள் என்ற வினாக்களைக் கதை எழுப்புவதில்லை. கூலிக் குறைவின் காரணத்தைத் துருவி ஆராயும் அதே பேனா, கருப்பத்தை மட்டும் மழையைப்போல வானத்திலிருந்து விழவைக்கிறது. இதனை யதார்த்தவாதம் என்று எவ்வாறு கூறுவது?

முற்போக்காளரின் தயக்கத்துக்கும் ஒரு காரணம் உண்டு. வறுமைக்கு வறியவரின் பிள்ளைகளே காரணம் என்ற மால்தஸின் வாதத்தை நாம் நிராகரிக்கிறோம்; அது சரியே. இலங்கையில் 1980களில் நிரந்தரக் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குப் பணம் கொடுக்கப்பட்டதையும், தோட்டப்புறப் பெண்களிடையே அச்சிகிச்சையே மேலோங்கி நின்றதையும் நாம் மறக்கவில்லை. பசித்தவளிடம் பணத்தைக் காட்டிப் பெறும் சம்மதம் சம்மதமாகாது. எனினும், லெனின் 1913இல் எழுதிய கட்டுரையொன்றில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். புதிய மால்தஸ்வாதத்தைக் கண்டித்த அவரே, கருத்தடை பற்றிய மருத்துவ நூல்கள் பரவுவதைத் தடுக்கும் சட்டங்கள் ஒழிய வேண்டும் என்றும் கோரினார். பெண்ணின் மீது திணிக்கப்படும் தடை வேறு. பெண்ணின் கையில் ஒப்படைக்கப்படும் அறிவு வேறு. முன்னதை எதிர்ப்பதாகக் கூறிப் பின்னதைப் பற்றி மௌனஞ் சாதிப்பது முற்போக்காகாது.

கையளிக்கவேண்டிய அறிவும் கடினமானதன்று. பேற்றுக்குப் பின் மறுபடி கருவுற முயல்வதற்குக் குறைந்தது 24 மாதம் செல்லவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2005இல் கூட்டிய நிபுணர் குழுவின் பரிந்துரை. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களும் முடிந்த பின்னரே என்று மாணவருக்குக் கூறலாம். பாலூட்டும் தாய்க்கு ஏற்ற வழிகள் பல உள்ளன. ஆணுறை, லூப், ஈஸ்ட்ரோஜன் சேராத மாத்திரை, மூன்று மாதத்துக்கொருமுறை போடும் ஊசி, மேற்கையில் தோலுக்கடியில் வைக்கும் சிறு குச்சி என்பன அவை. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை பாற் சுரப்பைக் குறைக்கக்கூடுமாதலால், முதல் ஆறு மாதங்களில் அது தவிர்க்கப்படுகிறது. எவருக்கு எது பொருந்தும், எப்போது தொடங்கலாம் என்பதை வீடுதேடி வரும் மருத்துவமாதுவிடமும் கிளினிக்கிலும் கேட்டறியலாம். கணவனும் உடன் சென்று கேட்கவேண்டும் என்பதை அழுத்திக் கூறுகிறோம். ஆணுறை என்ற வழி அவனுக்கும் உரியதன்றோ?

நாம் அந்த லயத்துக்கு மீண்டும் சென்றபோது, மருத்துவமாதுவிடம் கேட்டறிந்தவற்றைத் தாய்க்குக் கூறினோம். அவர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். "இத முன்னமே ஒருத்தரும் சொல்லலையே" என்றார். அதிற் கோபம் இருக்கவில்லை. அதுவே எம்மை வருத்திற்று. மகளின் ஆசனம் அத்தவணை முழுவதும் வெறுமையாகவே கிடந்தது.

சவலை என்ற சொல்லை இன்று நாம் வகுப்பிற் கற்பிக்கும்போது, அகராதிப் பொருளோடு நிறுத்திக்கொள்வதில்லை. பிள்ளை ஏன் சவலையானது என்று கேட்கிறோம். தாய் எங்கே என்று கேட்கிறோம். மாணவியர் முதலில் தலைகுனிகின்றனர். பின்னர் வினாக்கள் வருகின்றன. ஆசிரியத் தோழர்கள் தத்தம் வகுப்பிலும், எழுத்தாளத் தோழர்கள் தத்தம் கதையிலும் இதே வினாக்களை எழுப்புவார்களாயின், அந்தத் தாயைப் போன்ற இன்னொருவர் காலங்கடந்து விடைபெற நேராது.