அமானிதமான சர்க்கரை

திரைப்படம் குறித்து நம் சமுதாயத்தில் எழும் விவாதங்கள் பெரும்பாலும் இரு கேள்விகளுக்குள் அடங்கிவிடுகின்றன. பார்ப்பது கூடுமா, கூடாதா என்பது ஒன்று. நம்மை இழிவுபடுத்துகிறதா, இல்லையா என்பது மற்றொன்று. 2013இல் ‘விஸ்வரூபம்’ வெளியானபோது இரண்டாவது கேள்வியே ஓங்கி ஒலித்தது. ஒரு படம் முஸ்லிம் வாழ்வை எவ்வளவு அறிந்திருக்கிறது என்ற மூன்றாவது கேள்வியை நாம் அரிதாகவே எழுப்புகிறோம்.

அண்மை ஆண்டுகளில் திரையரங்கில் கண்டவற்றுள் இரண்டைக் குறிப்பிடலாம். வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’ (2021) தன் நாயகனுக்கு அப்துல் காலிக் எனப் பெயரிட்டது. முஸ்லிம் ஒருவர்மீது பழி சுமத்திக் கலவரம் மூட்டும் அரசியலைத் துணிந்து பேசியது. இது பாராட்டுக்குரியது. ஆயினும் முஸ்லிம் நல்லவர் என்று நிறுவுவதற்கும் அங்கே ஒரு கொலைச்சதி தேவைப்பட்டது. ‘அமரன்’ (2024) ஒரு மனைவியின் பிரிவுத் துயரை நெஞ்சில் பதியுமாறு சொன்னது. ஆனால் முஸ்லிம் முகங்களைத் துப்பாக்கிகளுக்கு நடுவேதான் நாம் பெரிதும் கண்டோம். ‘ரோஜா’வில் (1992) நாயகன் எரியும் கொடியைத் தன் உடலால் அணைக்கும் காட்சியோடு, தீவிரவாதியின் தொழுகை இணைத்துக் காட்டப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. தொழுகை அங்கே இறைவனை நினைவூட்டவில்லை; அச்சத்தின் அடையாளமாக நின்றது.

இவற்றுக்குப் பின், மஜீத் மஜீதியின் ‘சொர்க்கத்தின் குழந்தைகள்’ (1997) என்னும் ஈரானியப் படத்தை வீட்டில் பிள்ளைகளோடு அமர்ந்து மீண்டும் பார்த்தோம். தைத்து வாங்கிய தங்கையின் காலணியைத் தொலைத்துவிடுகிறான் அலீ. வறுமை அறிந்த பிள்ளைகள் பெற்றோரிடம் சொல்லாமல், ஒரே ஜோடிக் காலணியை மாற்றி மாற்றி அணிந்து பள்ளிக்கூடம் செல்கின்றனர்.

பள்ளிவாசலுக்குரிய சர்க்கரைக் கட்டிகளைத் தந்தை வீட்டில் அமர்ந்து உடைத்துக்கொண்டிருக்கிறார். மகள் ஸஹ்ரா தேநீர் கொண்டுவருகிறாள். அவர் சர்க்கரை கேட்க, முன்னால்தான் இவ்வளவு இருக்கிறதே என்கிறாள் சிறுமி. அது பள்ளிவாசலுடையது, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது என்று மறுக்கிறார் தந்தை. வேறு விளக்கம் இல்லை. பின்னணி இசையின் முழக்கமும் இல்லை. அமானிதம் பற்றி நாம் கேட்ட எத்தனையோ சொற்பொழிவுகள் செய்யாததை அந்த ஒரு சர்க்கரைக் கட்டி செய்துவிடுகிறது.

தொலைந்த காலணியை வேறொரு சிறுமியின் காலில் காணும் பிள்ளைகள் அவளைப் பின்தொடர்கின்றனர். அவள் தந்தை கண் பார்வையற்றவர் என்றறிந்ததும் ஒன்றும் கேளாமல் திரும்பிவிடுகின்றனர். தந்தையின் பண்பு பிள்ளைகளிடம் இறங்கியிருப்பதை இயக்குநர் இவ்வாறு காட்டுகிறார்.

இப்படம் குறையற்றதன்று. வறுமைக்கான காரணங்களை அது தேடுவதில்லை. துன்பத்துக்கு அளவு மீறிய அழகும் சில இடங்களில் கூடிவிடுகிறது. ஈரானியரின் வழிபாட்டு மரபும் நம்மவரில் பெரும்பாலோருடையதும் வேறு. எனினும் அந்த வீடு நமக்கு அந்நியமாகப்படவில்லை. காயல்பட்டினத்திலோ மேலப்பாளையத்திலோ அப்படியொரு தந்தை இல்லை என்று யார் சொல்வார்? 2022இல் ‘அக்கா குருவி’ எனத் தமிழிலும் இக்கதை வந்தது. கதையை ஈரானிலிருந்து கொணர முடிந்த தமிழ்த் திரைக்கு, நம் தெருவிலுள்ள அந்தத் தந்தை இன்னும் தென்படவில்லை.

இதற்குத் திரையுலகை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. தோப்பில் முஹம்மது மீரானைப் போல் நம் வாழ்வை அதன் நிறைகுறைகளோடு எழுதியோர் சிலரே. அவர்களையும் நாம் முகம் சுளித்தே வரவேற்றோம். தவறாகக் காட்டுவோரைக் கண்டிப்பது நம் உரிமை. சரியாகச் சொல்ல வல்ல நம் பிள்ளைகளின் கையில் எழுதுகோலையும் ஒளிப்படக் கருவியையும் கொடுப்பது நம் கடமை. நம் வாழ்வின் கதையும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே.